சாம்பிள் அறை அடுக்குவது எப்படி? எடுத்த துண்டு திரும்ப இடத்துக்குப் போகவே மாட்டேங்குது

கட்டமும்கோடும் (கேள்வி):

வணக்கம். இன்டீரியர் வேலைக்கு 12-க்கு 10 அடியில் ஓர் அறை. இரண்டு பேர் கம்ப்யூட்டரில் உட்கார வேண்டும். கிளையன்ட் வந்தால் அங்கேயே மெட்டீரியல் விரித்துக் காட்ட வேண்டும். நீளச் சுவர் ஒன்றில் ஜன்னல். எதிர்ச் சுவர் முழுக்கக் காலி, அதை ஒட்டிய மூலையில் கதவு.

கையில் இருப்பது: ஏ4 அளவு லேமினேட் துண்டு சுமார் 300, டைல்ஸ் 60 (பெரும்பாலும் ஒரு அடிக்கு ஒரு அடி), மார்பிள், கிரானைட், குவார்ட்ஸ் சேர்த்து 40, துணி கேட்லாக் 25, உதிரித் துணி ஒரு மூட்டை, வால்பேப்பர் புத்தகம் 12, கைப்பிடி, கீல் வகையறா இரண்டு அட்டைப்பெட்டி, பெயின்ட் ஷேட் கார்டு, வெனீர் (மெல்லிய மரத்தகடு) கொஞ்சம்.

மூன்று பிரச்சினை. ஒரு வேலைக்கு எடுத்தது திரும்ப இடத்துக்குப் போவதில்லை. ஓகே ஆன சாம்பிளும் ஓகே ஆகாததும் கலந்துவிடுகிறது. தயாரிப்பு நின்றுபோனது எது என்று தெரிவதில்லை. அலமாரி அடிக்கும் முன்பே கேட்டுவிடலாம் என்று வந்தேன். பிராண்டு வாரியாக அடுக்குவதா, கலர் வாரியாகவா?

மரத்தூள்:

கலர் கதையை மத்தவங்க சொல்லட்டும். நான் எடையைப் பத்தி மட்டும் சொல்றேன். இந்த மாதிரி அறைல முதல்ல தொங்குறது ஷெல்ஃப்தான்.

10 மி.மீ. போர்சிலின் டைல் சதுர மீட்டருக்கு 23 கிலோ கிட்ட வரும். ஒரு அடி சதுரத் துண்டு 2 கிலோ. மூணு அடி ஷெல்ஃப்ல புத்தகம் மாதிரி நிறுத்தி நெருக்கினா 80 துண்டு பிடிக்கும், அதாவது 160 கிலோ. 18 மி.மீ. பார்ட்டிக்கிள் போர்டுக்கு (மரத்துகளை அழுத்திச் செஞ்ச பலகை) இது வேலைக்கே ஆகாது. போட்ட அன்னைக்கு நேரா நிக்கும், ஆறு மாசத்துல தொப்பை விழும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்தின பலகை), பார்ட்டிக்கிள் போர்டு ரெண்டுமே நிரந்தரச் சுமைல மெல்ல மெல்ல வளையும், சுமையை எடுத்தாலும் முழுசா நிமிராது.

தடிமனைக் கூட்டுறதைவிட இடைவெளியைக் குறைக்கிறதுதான் லாபம். 18-ஐ 25 மி.மீ. ஆக்கினா விறைப்பு ஏறக்குறைய 2.7 மடங்கு. தாங்கு இடைவெளியைப் பாதியாக்கினா, அதே நெருக்கத்துல அடுக்கின சுமைக்குத் தொய்வு பதினாறுல ஒரு பங்கு. அதனால டைல்ஸ், கல் வர்ற பத்தில 600 மி.மீ.க்கு ஒரு நடுப்பலகை. ப்ளைவுட்னா மேல்ப்ளையோட நார் ஷெல்ஃபின் நீளவாக்குல ஓடணும். சிக்கனமா வெட்டுறேன்னு குறுக்குவாக்குல வெட்டிடுவாங்க, நின்னு பாத்துக்கங்க. முன்விளிம்புல 40 மி.மீ. ஆழத்துக்கு மரப்பட்டி ஒண்ணு ஒட்டினா இன்னும் நல்லது.

கல் 20 மி.மீ.னா சதுர மீட்டருக்கு 54 கிலோ. ஒரு அடித் துண்டு 5 கிலோ. 40 துண்டையும் அந்த அளவுல வெச்சுக்காதீங்க. 100 மி.மீ. சதுரமா வெட்டினா அரை கிலோதான். கொடிகொடியா நரம்பு ஓடுற மார்பிளுக்கு மட்டும் பெரிய துண்டு வேணும், சின்னதுல பாத்தா அது வேற கல். அதையெல்லாம் முழங்காலுக்குக் கீழே வையுங்க. தலைக்கு மேல கல்லே கூடாது.

லேமினேட்டுக்குப் பெரிய அலமாரி தேவையே இல்லை. 1 மி.மீ. தடிமன், லேபிளோட சேத்தாலும் 300 துண்டு ஒன்றரை அடி நீளம்தான். எடை சுமார் 26 கிலோ. 45 கிலோ தாங்குற, முழுசா வெளியே வர்ற பால் பேரிங் சேனல் போட்ட ஒரே டிராயர் போதும். ஃபைல் மாதிரி நேரா நிறுத்துங்க. சாய்ஞ்சு நின்னா சுருளும், ஏன்னா முன்பக்கம் மெலமைன், பின்பக்கம் வெறும் தாள் அடுக்கு, ஈரத்துக்கு ரெண்டும் ஒரே மாதிரி விரியாது. டிராயர் பாதி காலியா இருந்தா தடுப்பு வெச்சு நெருக்கிடுங்க.

கடைசியா ஒண்ணு: உயர அலமாரியைச் சுவர்ல எல் கிளாம்ப் போட்டு முடுக்காம விடாதீங்க. கனமான ரெண்டு டிராயரை ஒரே நேரத்துல இழுத்தா மொத்தமும் முன்னால வரும்.

நிழல்கோணம்:

அறை அமைப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அகலம் 3050 மி.மீ. காலிச் சுவரில் 400 ஆழ அலமாரி, அடுத்து 1000 நடைவழி (டிராயர் 400 வெளியே வந்தாலும் ஆள் நிற்க 600 மிஞ்சும்), பிறகு 900 அகல மேஜை, ஜன்னல் பக்கம் 750. நீளம் 3650. கதவுக்கு எதிரே உள்ள குட்டைச் சுவர் முழுக்க 600 ஆழக் கம்ப்யூட்டர் டெஸ்க், தலைக்கு 1500 கிடைக்கும். சாம்பிள் மேஜை 1800 நீளம், ஒரு முனை கதவுச் சுவரில் முட்டி நிற்கட்டும். நாற்காலிக்கு 1250 மிஞ்சும். கதவுக்கு 900 விட்டால் அலமாரிக்கு ஏழடி கிடைக்கும். மரத்தூள் சொன்ன 600 மி.மீ. கணக்கில் மூன்று பத்தி.

மேஜை உட்கார்ந்து பார்க்கும் 750 உயரம் வேண்டாம், 900 வையுங்கள். நின்றபடி பார்த்தால்தான் நான்கைந்து மெட்டீரியல் ஒன்றாகக் கண்ணில் விழும். மேல்தளம் பளபளப்பில்லாத நடுத்தரச் சாம்பல். வெள்ளை மேஜையில் எல்லாக் கலரும் ஒரு படி கறுத்துத் தெரியும், மரநிற மேஜையில் வெனீர் எல்லாம் வெளிறித் தெரியும். மேஜைக்கு அருகிலுள்ள சுவர், திரை இரண்டுமே சாயமில்லாத வெள்ளை அல்லது சாம்பல். சுவருக்கு அழகாகப் பச்சை அடித்தால் அந்தப் பச்சை உங்கள் மார்பிளில் ஏறும்.

அடுத்தது விளக்கு, இதில் கஞ்சம் பிடிக்காதீர்கள். மேஜைக்கு மேல் இரண்டு தனித்தனி ஸ்விட்ச்: ஒன்று 3000 கெல்வின் (மஞ்சள் வெளிச்சம்), மற்றது 5000 அல்லது 6500 (பகல் மாதிரி வெள்ளை). இரண்டுமே சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற எண்) 90-க்கு மேல். பெட்டியில் ஆர்9 எண்ணையும் தேடுங்கள், 50-க்கு மேல் இருப்பது நல்லது. சிஆர்ஐ சராசரி கணக்கிடும் எட்டு நிறங்களில் அழுத்தமான சிவப்பு இல்லை, அதைத்தான் ஆர்9 சொல்கிறது. சாதாரண சிஆர்ஐ 80 எல்ஈடியில் அது பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். தேக்கு, செர்ரி, டெரகோட்டா எல்லாம் அதனடியில் சாம்பல் பூத்த மாதிரி தெரிவதற்குக் காரணம் இதுவே.

இரண்டு ஸ்விட்ச் எதற்கு என்றால், பகல் வெளிச்சத்தில் அச்சாகப் பொருந்திய லேமினேட்டும் பெயின்ட்டும் இரவில் மஞ்சள் விளக்கடியில் பிரிந்துவிடும். இரண்டிலும் உள்ள நிறமிகள் வேறு. ஒன்று பச்சைக்கு ஓடும், இன்னொன்று சிவப்புக்கு. மாடுலர் கிச்சன் கதவும் பக்கத்துச் சுவரும் ஒரே ஆஃப்-வொயிட் என்று கையெழுத்து வாங்கும் முன் ஸ்விட்சை ஒரு முறை மாற்றிப் பாருங்கள்.

வெள்ளையில் இன்னொரு வம்பு. பல வெள்ளைத் துணியிலும் தாளிலும் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் அது நீலமாக மின்னும், எல்ஈடியில் அந்தக் கதிர் அநேகமாக இல்லை. அறைக்குள் பொருந்திய வெள்ளைத் திரை ஜன்னலில் மாட்டியதும் துருத்திக்கொண்டு தெரிவது இதனால்தான். வெள்ளைகளை மட்டும் ஜன்னலோரம் கொண்டுபோய்த் தீர்மானியுங்கள்.

பார்க்கும் கோணமும் முக்கியம். தரை டைலைத் தரையில் போட்டு, சுவர் மெட்டீரியலைச் செங்குத்தாக நிறுத்தி, கவுன்டர் கல்லைப் படுக்கையாக வைத்துப் பார்க்க வேண்டும். ஜன்னல் பக்கச் சுவரில் ஒரு சின்ன விளிம்புப் பலகை அடித்தால் துண்டுகளைச் சாய்த்து நிறுத்தலாம்.

பதிவேடு:

பிராண்டா, கலரா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் தேவை, ஆனால் வேறு வேறு இடத்தில். அலமாரியில் கண்ணால் தேடுகிறோம், எனவே அங்கே மெட்டீரியல் வகை, அதற்குள் கலர் குடும்பம், அதற்குள் வெளிறலிலிருந்து அழுத்தத்துக்கு. பிராண்டு எக்செல்லில் இருக்கட்டும். பிராண்டு வாரியாக அடுக்கினால் ஒரு சாம்பல் லேமினேட் தேட ஆறு இடத்தில் கை வைக்க வேண்டும், கடைசியில் பழகிய பிராண்டையே எடுத்துக் கொடுப்பீர்கள்.

ஆனால் உங்கள் பிரச்சினை அடுக்கும் முறை இல்லை. திரும்பி வரும் துண்டுக்கு வழியில்லை என்பதுதான். மூன்று தட்டு வையுங்கள்.

முதல் தட்டு, புதிதாக வந்தது. லேபிள் ஒட்டாத எதுவும் இந்தத் தட்டைத் தாண்டக் கூடாது. இரண்டாவது, திரும்பி வந்தது. மேஜையில் பார்த்து முடித்ததை யாரும் நேராக அலமாரியில் சொருகக் கூடாது, தப்பான இடத்தில் சொருகிய துண்டு தொலைந்ததற்குச் சமம். எல்லாம் இந்தத் தட்டுக்கு வரும், வாரம் ஒரு முறை ஒருவர் மட்டும் அடுக்குவார். தட்டு சின்னதாக இருக்கட்டும். பெரிதாக வைத்தால் அதுவே இன்னொரு மூட்டை ஆகும். மூன்றாவது, வெளியேற வேண்டியது.

எடுத்த இடத்தில் ஓர் அட்டை நிற்க வேண்டும். ஏ4-ஐவிட ஒரு அங்குலம் உயரமான தடித்த அட்டை, கண்ணில் அடிக்கும் கலரில், மேலே வேலையின் பெயரும் தேதியும் பென்சிலில். 30 அட்டை வெட்டி வையுங்கள். டிராயரைத் திறந்ததும் எத்தனை துண்டு வெளியே நிற்கிறது என்று தலை நீட்டிக் காட்டும். கேட்லாக்குக்கு இன்னும் சுலபம்: வரிசையாக நிறுத்தி, முதுகுகளின் மேல் இடமிருந்து வலமாகச் சாய்வாக ஒரே கோடு வருமாறு ஒவ்வொன்றிலும் சின்னதாக டேப் ஒட்டுங்கள். ஒன்று இடம் மாறினாலும் கோடு உடையும்.

லேபிளில் எண் இப்படி: லே-0147, டை-0032, து-0210. வகை எழுத்தும் வரிசை எண்ணும், அவ்வளவே. கலர், பிராண்டு, டிராயர் எதையும் எண்ணுக்குள் புகுத்தாதீர்கள், டிராயரை மாற்றினால் லேபிள் எல்லாம் பொய்யாகிவிடும். எக்செல்லில் பத்தி: எண், தயாரிப்பாளர், அவர்கள் எண், அளவு, தடிமன், ஃபினிஷ், வந்த தேதி, கடைசியாக விசாரித்த தேதி, இருக்கும் இடம், நிலை. விலையைத் தனி ஷீட்டில், தேதியோடு. டைலுக்குக் கூடுதலாக நீர் உறிஞ்சும் அளவு (போர்சிலின் என்றால் 0.5 சதவீதத்துக்குள்), வழுக்கல் தரம் (ஆர்9 முதல் ஆர்13; விளக்கின் ஆர்9 வேறு), பெட்டியில் அச்சிட்ட ஷேட் எண். ஷேட் எண் மாறினால் அதே டைல்தான், ஆனால் பக்கத்தில் பக்கம் ஒட்டினால் கலர் வித்தியாசம் தெரியும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ‘கடைசியாக விசாரித்த தேதி’ வாரியாக வரிசைப்படுத்தி, பழைய 50-ஐ சப்ளையரிடம் கேளுங்கள். நின்றுபோனது மூன்றாவது தட்டுக்கு. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வைத்தால் கிளையன்ட் கண் அதன்மேல்தான் விழும்.

செவ்வகம்:

பதிவேடு சொல்வதோடு ஒத்துப்போகிறேன், எக்செல் தவிர. ஒவ்வொரு துண்டிலும் கியூஆர் ஒட்டிவிட்டால் மொபைலில் அடித்ததும் எல்லாம் வருமே. எதற்குக் கையால் எண் தேடுவது?

பதிவேடு:

ஒட்டலாம், எண்ணுக்குப் பதிலாக இல்லை, எண்ணோடு. கியூஆர் எந்தத் தளத்துக்குப் போகிறதோ அந்தத் தளம் மூடினால் 300 லேபிளும் கறுப்புக் கட்டம்தான். கண்ணால் படிக்கிற எண்ணை அப்போதும் படிக்கலாம். இன்னொன்று, பில் அடிக்கிற மாதிரி நேரடி தெர்மல் லேபிள் வேண்டாம். வெளிச்சம், சூடு இரண்டிலும் மங்கும். ரெக்சின் மேல் ஒட்டினால் அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருளே அச்சை அழித்துவிடும். லேசர் பிரின்ட் அல்லது ரிப்பன் போட்ட லேபிள் பிரின்டர்.

கட்டமும்கோடும்:

ரொம்ப நன்றி. மூன்று தட்டு இன்றைக்கே வைத்துவிடலாம். இரண்டு சந்தேகம். துணி, வால்பேப்பர், கைப்பிடி எல்லாவற்றையும் எதில் வைப்பது? லேபிளை எல்லா மெட்டீரியலிலும் ஒட்டலாமா? ஓகே ஆன சாம்பிள் கலந்துபோவதற்கு வழி யாரும் சொல்லவில்லையே.

நூல்கண்டு:

எல்லாத்திலும் ஒட்டாதீங்க. வெளிர் மார்பிள், லைம்ஸ்டோன் பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டினா பசை ஊறி முன்பக்கம் எண்ணெய்க் கறையாத் தெரியும். மார்க்கரும் அப்படித்தான். கல்லுக்குப் பின்பக்கம் பென்சில். வெனீருக்கும் பென்சில், கூடவே நார் ஓடுற திசைக்கு ஓர் அம்புக்குறி. துணிக்கு மூலைல துளை போட்டு நூல்ல கட்டின அட்டை. குண்டூசி, ஸ்டேப்ளர் ரெண்டும் துருப்பிடிச்சுக் கறை விடும். வெல்வெட்டுக்குப் பின்பக்கம் அம்புக்குறி அவசியம். தலைகீழாப் பிடிச்சா அதே துணி ஒரு ஷேட் கறுத்துத் தெரியும்.

எதை எதோட வைக்கக் கூடாதுங்கறதுதான் பெரிய விஷயம். ரெக்சின், வினைல் ஃப்ளோரிங்ல கசியற பொருள் பக்கத்துல உள்ள பெயின்ட் பலகை, பியு (பாலியூரித்தேன்) பூச்சுல ஒட்டிக்கும், பிரிச்சா தோல் உரியும். நடுவுல பாலியஸ்டர் ஷீட் போடுங்க. ரப்பர் ஷீட்டை வினைல் மேல வெச்சா மஞ்சக் கறை, அது போகாது. பித்தளை, செம்புக் கைப்பிடியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டவே கூடாது, ரப்பர்ல இருக்கற கந்தகம் கோடு கோடாக் கறுக்க வெச்சிடும். லேக்கர் பூசாத பித்தளையை வெறும் கையாலயும் தொடாதீங்க.

கைப்பிடிகளைப் பெட்டில கொட்டி வைக்காம, 300-க்கு 400 பலகைல நிஜமா திருகி மாட்டுங்க. ஒரு பலகைக்கு ஒரு ஃபினிஷ், கீழ துளை இடைவெளி (96, 128, 160 மி.மீ.). கிளையன்ட் விரல் விட்டு இழுத்துப் பாக்கறதுக்குத்தான் கைப்பிடி சாம்பிள், பாக்கெட்ல இருந்தா பிரயோஜனமில்ல.

துணி கேட்லாக் நிறுத்தலாம், கனமானது மட்டும் படுக்க வைக்கணும், மூணுக்கு மேல ஒண்ணு மேல ஒண்ணு வேண்டாம். வெல்வெட்டைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டா அழுத்தின தடம் போகாது. உதிரித் துணில பெரிய டிசைன் இருந்தா ஆறு அங்குலத் துண்டு ஏமாத்தும். ஒரு முழு ரிப்பீட் (டிசைன் ஒரு தடவை முழுசா வர்ற அளவு) கேட்டு வாங்குங்க. சோபா துணின்னா லேபிள்ல தேய்மானச் சோதனைப் பேரையும் எண்ணையும் சேத்து எழுதுங்க. மார்ட்டின்டேல் 30,000-மும் வைசன்பீக் 30,000-மும் ஒண்ணில்ல. ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தற கணக்கும் கிடையாது.

கம்பளி, பட்டு புதுசா வந்தா பூச்சி முட்டை இருக்கலாம். பாலிதீன்ல காத்தில்லாம கட்டி மைனஸ் 18-ல ரெண்டு வாரம். எடுத்ததும் பிரிக்காதீங்க, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரிங்க, இல்லேன்னா ஈரம் கோத்துக்கும். அந்துருண்டை வேண்டாம், அந்த நாத்தத்தோட துணியைக் கிளையன்ட் கைல எப்படிக் கொடுக்கறது?

வெனீரையும் துணியையும் அலமாரில கதவு போட்ட பகுதிலயே வையுங்க, உங்க அலமாரி ஜன்னலுக்கு நேரே இருக்கு. செர்ரி வெளிச்சத்துல கறுக்கும், வால்நட் வெளிறும். ஒரு துண்டுல பாதியைக் கறுப்புத் தாளால மூடி ஜன்னல்ல சில வாரம் வெச்சு எடுத்தா, ரெண்டு கலரும் நடுவுல கத்தி மாதிரி கோடும் தெரியும். ‘மரம் இப்படித்தான் மாறும்’னு சொல்லறதுக்கு அந்த ஒரு துண்டு போதும்.

பதிவேடு:

ஓகே ஆன சாம்பிளுக்கு: அது பொதுச் சாம்பிள் அலமாரிக்குத் திரும்பவே கூடாது. ஓகே ஆன அன்றே துண்டை இரண்டாக அறுங்கள். இரண்டு பாதியின் பின்பக்கமும் வேலையின் பெயர், அறை, எந்த இடம் (வார்ட்ரோப் உள்பக்கம், வெளிப்பக்கம்), தேதி, கிளையன்ட் கையெழுத்து. கல், வெனீர் மாதிரி ஒட்ட முடியாததற்குத் துளையிட்ட அட்டை. ஒரு பாதி சைட்டுக்கு, ஒரு பாதி உங்களிடம். சரக்கு இறங்கும்போது சைட்டில் உள்ளவர் அந்தப் பாதியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மொபைலில் அனுப்பிய போட்டோ இதற்கு ஆகாது.

உங்களிடம் உள்ள பாதி, மூடியுள்ள ஏ3 டிரேயில். வீட்டுக்கு ஒரு டிரே இல்லை, அறைக்கு ஒரு டிரே. ஆழம் 75 மி.மீ. போதும், அதற்கு மேல் போனால் கல்லைப் போட்டு நிரப்பிவிடுவோம், ஒருவரால் தூக்க முடியாது. எடை 8 கிலோவுக்குள் நிற்கட்டும். ஓகே ஆகாதவை எதுவும் அந்த டிரேயில் இருக்கக் கூடாது, பரிசீலனையில் உள்ளவற்றுக்கு வேறு கலர் டிரே. வேலை ஒப்படைத்து, குறை சரிசெய்யும் காலம் முடியும்வரை வைத்திருங்கள்.

கட்டமும்கோடும்:

கடைசிச் சந்தேகம், பெயின்ட். ஷேட் கார்டையே டிரேயில் போட்டால் போதுமா?

நிழல்கோணம்:

போதாது. ஷேட் கார்டில் இருப்பது பெரும்பாலும் சுவரில் அடிக்கும் அதே பெயின்ட் இல்லை, பளபளப்பும் தெரியாது. தடித்த ஏ4 அட்டையில் அதே பெயின்ட், அதே ஃபினிஷ், இரண்டு கோட், நடுவில் காயும் நேரம் விட்டு. ஓரத்தில் ஓர் அங்குலம் வெள்ளை விட்டு அடித்தால் அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் கலர் கறுத்துத் தெரிந்து கண்ணை ஏமாற்றும். விளிம்பு வரை அடியுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு, மறுநாள் பார்ப்பது பத்திரம். பின்பக்கம் டின்டிங் எண் (கலர் கலக்கும் எண்), பேஸ் எண் (கலக்கும் அடிப்படைப் பெயின்ட்), ஃபினிஷ், எல்ஆர்வி (கலர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்ற எண்). டபுள் சைடு டேப்பால் போர்டில் ஒட்டாதீர்கள், எடுக்கும்போது பெயின்ட்டோடு வரும். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் அட்டையின் பின்பக்கம் வெல்க்ரோ.